பெங்குயினுக்குக் கூடு வைப்பது தானமா?

நான் பகிர்ந்த, தென்னாப்பிரிக்காவின் டயர் (Dyer) தீவுப் படத்தின் கீழே நேற்று நடந்ததை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். மனிதர் செய்து வைத்த வெள்ளைக் கூட்டின் வாயிலில் நிற்கும் ஆப்பிரிக்கப் பெங்குயினைப் பார்த்து, "அடுத்து ஏசி மாட்டிக் கொடுப்பீங்களா?" என்று ஒருவர் கேட்க, ஒரு கூட்டமே சிரித்துவிட்டுப் போனது. நகைச்சுவை எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டை இடித்தவன் கூரை போட்டுத் தருவதைத் தானம் என்று எண்ணிச் சிரிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பறவைக்கு வீடு இருந்தது. தென்னாப்பிரிக்க, நமீபியக் கரையோரத் தீவுகளில் கடற்பறவைகள் காலங்காலமாக இட்ட எச்சம் பல மீட்டர் உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. அதைக் குடைந்துதான் பெங்குயின்கள் முட்டையிட்டன. 1840களில் நமீபியக் கரையோரத்து இச்சபோ தீவுக்கு நூற்றுக்கணக்கான கப்பல்கள் வந்து, அந்த எச்சத்தை வயலுக்கு உரமாகப் பாறை தெரியும்வரை சுரண்டிக்கொண்டு போயின. மற்றத் தீவுகளும் தப்பவில்லை. குளிர்ந்த கடலுக்கென்று அமைந்த இறகுப் போர்வையோடு வெட்டவெளியில் அடைகாக்கும் பறவை, வெயில் தாங்காமல் நீரை நோக்கி எழுந்துபோனால் போதும், கடற்காகம் முட்டையைக் கொத்திவிடும்.

தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுன் அருகே போல்டர்ஸ் கடற்கரையில் ஒருமுறை இதை நேரில் பார்த்தேன். முட்டையை விட்டு நகராத ஒரு பறவை அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேலுள்ள வெற்றுத்தோல் நன்றாகச் சிவந்திருந்தது. அருகில் நின்றவர் தம் குழந்தையிடம், அது சிரிக்கிறது என்று காட்டினார். நான் வாய் திறக்கவில்லை. நேற்று அத்தனை சிரிப்பையும் பார்த்தபோது அந்த மௌனம்தான் உறுத்தியது.

இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எச்சத்தைக் கப்பலில் ஏற்றிப்போனதும் இயற்கைதானா என்று அவர்களே சொல்லட்டும். முதலில் வைத்த கண்ணாடியிழைக் கூடுகள் சில இடங்களில் சூடேறின என்பதை, யாராவது தோண்டியெடுத்து வந்து போடுமுன் நானே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் 2018 முதல் இரட்டைச் சுவரும் காற்றுத் துளைகளும் கொண்ட புதிய கூடுகளை வைக்கிறார்கள். தவறைத் திருத்திக்கொண்டதும் கேலிக்குரியதா?

மத்தியும் நெத்திலியும் இல்லாத கடலில் கூடு மட்டும் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். 2024இல் இந்த இனம் மிக அருகிய, அதாவது அழிவின் விளிம்பிலுள்ள, நிலைக்குத் தள்ளப்பட்டதற்குப் பசியே பெருங்காரணம். ஆறு வாழிடங்களைச் சுற்றி அம்மீன்களின் வணிகப் பிடிப்புக்குப் பத்தாண்டுத் தடை பெற, பறவை ஆர்வலர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. அந்தச் செய்தியையும் இதே பக்கத்தில் பகிர்ந்தேன். மீனைப் பற்றி இன்று கேட்பவர்களில் ஒருவரும் அன்று எட்டிப் பார்க்கவில்லை.

"மனிதனுக்காக என்றைக்காவது இப்படி எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டவர் என் இருபதாண்டு நண்பர். எழுதியிருக்கிறேன், ஐயா, அப்போதும் நீங்கள் சிரிக்கும் முகத்தைத்தான் இட்டீர்கள். படத்தை நீக்கப்போவதில்லை.