கள்ளிப்பெட்டிக்குள் ஒரு காதல்

மௌனப் படக் காலத்துக் காதல் நகைச்சுவை என்றதும் எல்லோரும் சாப்ளினைச் சொல்கிறார்கள். சரி, அவர் பெரிய கலைஞர். ஆனால் 1927இல் வந்த ‘மை பெஸ்ட் கேர்ள்’ படத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். சாம் டெய்லர் இயக்கி, மேரி பிக்ஃபோர்ட் நடித்த படம். அவர் நாயகியாக நடித்த கடைசி மௌனப் படமும் இதுதான்.

மலிவு விலைக் கடையின் சரக்கறையில் வேலை பார்க்கும் பெண் மேகி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜோவுக்கு அவள்தான் வேலை கற்றுக்கொடுக்கிறாள். அவன் வேறு பெயரில் வந்திருக்கும் முதலாளி மகன் என்பது அவளுக்குத் தெரியாது. நம் படங்களில் எத்தனையோ முறை பார்த்த கதைதான். ஆனால் இங்கே காதல் தனியாக ஒரு பூங்காவுக்குப் போய் வளரவில்லை, வேலைக்கு நடுவிலேயே வளர்கிறது. மதியம் சரக்கறையில் ஒரு கள்ளிப்பெட்டிக்குள் இருவரும் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. வெளியே கடை இருக்கிறது, வேலை இருக்கிறது, பெட்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும். அப்புறம் ஒரு மழைக்காட்சி. வண்டிகள் ஓடும் தெருவில், நனைவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நமக்குக் கேட்கவே வேண்டாம்.

மேகியின் வீடும் அருமை. தபால்காரரான சாதுவான அப்பா, யார் செத்தாலும் போய் அழுதுவிட்டு வரும் அம்மா. அந்தக் குடும்பத்தின் ஏழ்மையைப் படம் கேலி செய்யவே இல்லை.

எனக்கு உயிர் கடைசிப் பகுதிதான். ஜோ தன்னை விட்டுப் போகட்டும் என்று மேகி பணத்தாசை பிடித்தவளாக நடிக்கிறாள். உதட்டுச் சாயம் பூசுகிறாள், ஆட்டம் போடுகிறாள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள். சிரித்துக்கொண்டே பார்க்கும்போது, அவள் முகத்தில் அந்த நடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. நமக்கும் தொண்டை அடைக்கிறது. பிக்ஃபோர்டுக்கு அப்போது 35 வயது. சுருள் முடிச் சிறுமியாகவே அவரைக் கொண்டாடியவர்கள் இந்த ஒரு காட்சியையாவது பார்க்க வேண்டும்.

ஜோவாக நடித்த பட்டி ராஜர்ஸ் அவரைவிட 12 வயது இளையவர். பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1979இல் பிக்ஃபோர்ட் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கள்ளிப்பெட்டிக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் அவளைப் பார்க்கிற பார்வையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.