மீட்டர் ஓடாத மணி நேரம் யார் கணக்கில்?

நிலக்கரி எரிக்கும் ஒரு அனல்மின் நிலையத்தில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவை அளப்பதற்காகச் சிம்னியில் ஒரு குழாய் செருகியிருக்கும். புகையை அனலைசர், அதாவது வாயுவை அளக்கும் மீட்டர், வரை கொண்டு வரும் அந்தக் குழாயை வழிநெடுக நூறு டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஒரு மழைக்கால இரவு அதன் ஹீட்டர் போய்விட்டது. குழாய்க்குள் ஈரம் கோத்துக்கொண்டது. வாயு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து நின்றுவிட்டது. திரையில் எண் மளமளவென்று இறங்கியது. எரிந்தது அதே நிலக்கரி, மின் உற்பத்தியும் அதே அளவு. எண் ஏறியிருந்தால் அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இறங்கியதால் மூன்று நாள் கழித்துதான் கூப்பிட்டார்கள்.

இந்தக் கருவி பழுதானால் காற்று சுத்தமானதுபோல் தெரியும். அந்த மூன்று நாள் எனக்குக் காட்டியது இதைத்தான்.

2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அனல்மின் நிலையமும் அதில் உண்டு. அப்புறம் 2015 டிசம்பரில் அளவுகள் வந்தன. 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய யூனிட் என்றால் கந்தக டை ஆக்சைடு ஒரு கன மீட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு வருடம் கெடு கொடுத்தார்கள். கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கிக் கருவியே தேவையில்லை என்றாகிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சரி, கந்தக நீக்கிதான் இல்லை, மீட்டராவது உண்மை பேச வேண்டாமா?

அமெரிக்காவில் 1990-இல் அமில மழைக்காகச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு நல்ல வழி கண்டார்கள். மீட்டர் ஓடாத மணி நேரத்தைச் சும்மா விடுவதில்லை. ஒரு எண்ணைப் போட்டு நிரப்புகிறார்கள். கருவி அடிக்கடி படுத்தால் அந்த எண் கூடிக்கொண்டே போகும். 80 சதவீத நேரம்கூட ஓடவில்லை என்றால், அந்த யூனிட்டிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வரக்கூடுமோ அதையே எழுதிவிடுவார்கள். வெளியேற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் அங்கே உரிமச்சீட்டு ஒப்படைக்க வேண்டும் என்பதால், பழுதான மீட்டர் நேராகப் பணத்தில் கைவைக்கிறது. அப்படி இருந்தால் ஹீட்டர் போன இரவே என் போன் அடித்திருக்கும்.

அந்த விதி இங்கேயும் வேண்டும். எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற யாரும் மணிக்கு மணி பக்கத்து நிலையத்தின் கந்தக டை ஆக்சைடு எண்ணைத் தங்கள் போனில் பார்க்க முடிய வேண்டும். எண்ணுக்குப் பக்கத்திலேயே, அந்த மணியில் கருவி ஓடியதா, அளவு தெரிந்த வாயு சிலிண்டரை வைத்துக் கடைசியாக அதை என்றைக்குச் சரிபார்த்தார்கள் என்பதையும் போட வேண்டும். அந்தத் தேதியை நாங்கள் பதிவேட்டில் எழுதத்தான் செய்கிறோம். அதை வெளியே காட்டுவதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.