சர்ப்பகந்தா பற்றி ஒரு திருத்தம்

"மனச்சோர்வுக்குச் சர்ப்பகந்தா வேர்ப்பொடி போதும், மனநல மாத்திரையை நிறுத்திவிடலாம், மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை, அதனால்தான் கவலையாக இருக்கிறது.

அந்த வேர் வேலை செய்யும் என்பது சரி. பீகார் பக்கம் அதற்கு 'பைத்திய மருந்து' என்றே பெயர். 1931-இல் சென், போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 1952-இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. மருத்துவர்கள் அதை மனச்சிதைவுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? ரத்த அழுத்தம் இறங்கும், மூக்கு அடைக்கும், எந்நேரமும் தூக்கம் வரும். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்பது அந்த மருந்தின் எச்சரிக்கைகளில் ஒன்று. நீங்களோ மனச்சோர்வுக்கே பரிந்துரைக்கிறீர்கள்!

எங்கள் சித்தப்பா பிரஷர் மாத்திரையோடு இந்தப் பொடியையும் பாலில் கலந்து குடித்துவந்தார். ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர், கண் இருட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

பொடியில் ரிசர்பின் எவ்வளவு என்று கரண்டியை வைத்து அளக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. தயவுசெய்து அந்த வரியையாவது நீக்கிவிடுங்கள்.