கேட்டது ஒரு கேள்வி. அதுக்கு எதுக்கு இவ்வளவு சிரிப்பு?

அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. பாக்காதவங்களுக்காக லிங்க் போடப்போறதில்ல, நம்ம கைக்காசுல அவங்களுக்கு வியூஸ் வேற ஏத்தித் தரணுமா. ராயபுரத்துல புதுசா வந்திருக்கிற அந்தக் காபிக்கடை போர்டுல "சிங்கிள் ஆரிஜின், கீழ்ப்பழனி மலை, இயற்கை விவசாயம், நியாய வணிகம்"னு எழுதி வெச்சிருக்காங்க. அதாவது ஒரே இடத்துல விளைஞ்ச காபி, விவசாயிக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கினதுன்னு அர்த்தம். கப் 280 ரூபா. எங்க தெரு மாமா அதை நின்னு படிச்சுட்டு, "கீழ்ப்பழனில எந்த ஊரு தம்பி? அங்க கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். கவுண்டர்ல இருந்த பையன் கேமராவைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். "நார்த் மெட்ராஸ் அங்கிள் ஆடிட் பண்ண வந்துட்டாரு"ன்னு தலைப்பு வெச்சுக் கடையே போட்டிருக்கு.

கேட்டது தப்பா?

மலை பேரை எழுதினது நீங்க. நியாயமா வாங்கறோம்னு எழுதினதும் நீங்க. அதைப் படிச்ச ஒரு மனுஷன் எந்த ஊர், எவ்வளவு கொடுத்தீங்கன்னு கேட்டா அது காமெடியா? கீழ்ப்பழனின்றது ஒரு தோட்டம் இல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், கே.சி.பட்டின்னு மலை முழுக்க ஊரு. மிளகு, ஆரஞ்சு, மலைவாழை நடுவுல காபி போட்டிருக்கிற சின்னச் சின்னத் தோட்டக்காரங்களும் இருக்காங்க, ஆள் வெச்சுப் பறிக்கிற எஸ்டேட்டும் இருக்கு. ரெண்டுல எதுன்னு சொல்லாம மலை பேரை மட்டும் போடறது எனக்கு ஆரிஜினாத் தெரியல.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, எங்க சித்தியைக் கட்டிக்கொடுத்தது பண்ணைக்காடு பக்கம். சின்ன வயசுல அரைப்பரீட்சை லீவுக்கு வத்தலக்குண்டுல பஸ் மாறி அங்க போயிடுவோம். சரியாக் காபிப்பழம் பறிக்கிற நேரம். சித்தி கூலிக்குப் போகும், நானும் கூடவே போவேன். செவந்த பழத்தை மட்டும் பாத்துப் பறிக்கணும், பச்சைக்காய் கலந்தா திட்டு. ஒரே செடிக்கு நாலஞ்சு தடவை திரும்பி வரணும், எல்லாம் ஒண்ணாப் பழுக்காது. காலுல அட்டை, கழுத்துல எறும்பு, காட்டுமாடு வருதுன்னு யாராவது கத்தினா கூடையைப் போட்டுட்டு ஓட்டம். சாயங்காலம் எடை போடுவாங்க. முழுக் கிலோவைத்தான் நோட்டுல எழுதுவாங்க, மேல நிக்கிற கிராமெல்லாம் முதலாளிக்கு. சித்தி ஒரு நாள் "அந்த அரைக்கிலோவையும் எழுதுங்க"ன்னு கேட்டுச்சு. அங்கேயும் சிரிச்சாங்க. அன்னிக்கு வீடியோ எடுக்க ஆள் இல்ல, அதோட போச்சு.

அதனால எனக்கு இந்தச் சிரிப்பு புதுசு இல்ல.

இப்ப "நல்ல விஷயம் பண்றவங்களை ஏன் குத்திக்கிட்டு இருக்கீங்க"ன்னு ஒரு கூட்டம் வரும். நல்ல விஷயம்னு யாரு முடிவு பண்ணினா? நியாய வணிகத்துக்குன்னு நெஜமாவே ஒரு முத்திரை இருக்கு. 1988-ல நெதர்லாந்துல, மெக்சிகோ மலை விவசாயிங்க காபியை விக்கிறதுக்காக ஆரம்பிச்சது. அதுல கணக்கை யாரும் ஒளிச்சு வெக்கறதில்ல. கழுவிப் பதப்படுத்தின அராபிகா ரகம்னா 2023 ஆகஸ்ட்ல வெச்சபடி ஒரு பவுண்டு எடைக்கு (அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி) குறைஞ்சது 1.80 டாலர், அதுக்கு மேல 20 சென்ட் விவசாயிங்க சங்கத்துக்கு. 2001-ல உலகச் சந்தை 50 சென்ட்டுக்கும் கீழ விழுந்தப்போ இந்த மாதிரித் தரைவிலை இருந்தவன் தப்பிச்சான். 2025 பிப்ரவரில நியூயார்க் சந்தையில பவுண்டு 4 டாலரைத் தாண்டிப் போச்சே, அப்ப அந்த 1.80-ஐக் காட்டி "நியாயமாக் கொடுத்தோம்"னு சொன்னா அது மோசடி. எந்த வருஷம், எவ்வளவுன்னு சொன்னாதான் நியாயமா இல்லையான்னு பேசவே முடியும். இன்னொண்ணு, காபியில அந்த முத்திரை சிறு விவசாயிங்க சங்கத்துக்குத்தான், பெரிய எஸ்டேட்டுக்கு இல்ல. எஸ்டேட்ல கூடை தூக்கின எங்க சித்தி அந்தக் கணக்குலயே வராது. அது முத்திரையோட குறை, இந்தக் கடைக்காரர் தலையில கட்டமாட்டேன். ஆனா இந்தக் கடையில முத்திரையே கிடையாது. சாக்பீஸ்ல எழுதின ரெண்டு வார்த்தைதான் இருக்கு.

"வாடகை, மிஷின், கரண்ட்டு, சம்பளம் எல்லாம் இருக்குல்ல?" இருக்கு, ஒத்துக்கறேன். 280 அதிகம்னு மாமா சொல்லவே இல்ல, நானும் சொல்லல. கப்புக்கு 18 கிராம் வறுத்த கொட்டைன்னு வெச்சுக்கிட்டாலும், பழக்கணக்குல 120 கிராம் வரும், ரெண்டு கைப்பிடி. அந்த ரெண்டு கைப்பிடிக்கு மலையில என்ன கிடைச்சுதுன்னுதான் கேள்வி. இயற்கை விவசாயத்துக்கு மாறணும்னா மூணு வருஷம் மருந்தும் போடக்கூடாது, இயற்கைன்னு சொல்லி விக்கவும் முடியாது. நிழல் குறைஞ்சா தண்டுத் துளைப்பான் பூச்சி வரும், வந்த செடியைப் பிடுங்கி எரிக்கணும். இவ்வளவையும் தாங்கறவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டா உங்களுக்கு ஏன் கூசுது?

விலையைச் சொல்லாததுக்குக் காரணம் வியாபார ரகசியமாம். அப்ப போர்டுல எழுதாதீங்க.

அப்புறம் அந்த வீடியோவுக்குக் கீழ ஒரு கமெண்ட். "சிக்கரித் தண்ணி குடிக்கிற ஏரியாவுக்கு சிங்கிள் ஆரிஜின் பத்தி என்ன தெரியும்." ஆயிரத்துச் சொச்சம் லைக். சரி, காபில கலக்கிற அந்த வேர்த்தூள், சிக்கரி பத்தியே பேசுவோம். எங்க வண்ணாரப்பேட்டை அரைவைக் கடையில போர்டு பாருங்க. பீபெரி, பிளான்டேஷன் ஏன்னு கொட்டை ரகம் ஒவ்வொண்ணும் கிலோ இவ்வளவு, சிக்கரி இவ்வளவு. காபி எண்பது சிக்கரி இருபதா, எழுபது முப்பதான்னு நம்மளக் கேட்டு, நம்ம கண்ணு முன்னாடி நிறுத்து அரைச்சுக் கொடுப்பாரு. பாக்கெட்ல அடைச்சு வித்தாலும் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சிக்கரி எவ்வளவுன்னு அச்சடிக்கணும்னு சட்டம். என்ன கலந்திருக்கு, என்ன விலைன்னு வெளிப்படையாச் சொல்லிட்டு விக்கிறது எங்க சிக்கரிக்கடை. கேட்டா சிரிக்கிறது உங்க நியாயக்கடை.

மலை பேரு எங்களுக்கு ஏன் தெரியலன்னும் சொல்றேன். பல வருஷம் இந்த நாட்டுல தோட்டக்காரர் காபியை அரசோட காபி வாரியத்துக்கிட்டதான் கொடுக்கணும். அங்க எல்லாத்தையும் தரம் பிரிச்சு, ஒண்ணாச் சேத்து ஏலம் விடுவாங்க. ஏற்காடு, கூர்க், தாண்டிக்குடி எல்லாம் ஒரே மூட்டை. 90-கள்ல கொஞ்சம் கொஞ்சமா விட்டு, 1996-லதான் முழுசா விட்டாங்க. தோட்டத்துப் பேரோட விக்க முடிஞ்சதே அதுக்கப்புறம்தான். அதுல எங்களுக்கு என்ன அவமானம்?

ஆரிஜின் பத்தி வட சென்னைக்கே வகுப்பு எடுக்கறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. இந்த நகரத்துல ஏசி ஓடற கரண்ட்டுக்கு ஆரிஜின் எழுதினா அனல்மின் நிலையம் இருக்கிற எண்ணூர்னு எழுதணும். வண்டிக்குப் போடற பெட்ரோலுக்கு சுத்திகரிப்பு ஆலை இருக்கிற மணலின்னு எழுதணும். நீங்க குடிச்சுட்டுப் போடற பேப்பர் கப்பு கடைசியா எங்க போய்ச் சேருதுன்னு கொடுங்கையூர் குப்பைமேட்டுல கேளுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்துச்சே, அப்ப யாராவது "சிங்கிள் ஆரிஜின்"னு போர்டு வெச்சாங்களா? எங்க ஊர் பேரு எதுலயும் வராது. சாம்பலும் இருமலும் மட்டும் எங்களுக்கு. வெளியூர் மலை பேரை எங்க தெருவுலயே எழுதி வெச்சுட்டு, அதைப் படிச்சுக் கேட்டவரைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வெப்பீங்க.

கோவத்துல எங்கயோ போயிட்டேன்னு சொல்வீங்க. போகட்டும்.

காபி எப்படி இருந்துச்சுன்னு கேட்டவங்களுக்கு: குடிச்சேன், நல்லா இருந்துச்சு. லேசாப் புளிப்பு, பால் வேண்டியதில்ல. நல்லா இருந்ததாலதான் இன்னும் கடுப்பு. இவ்வளவு நல்ல காபி வெச்சுக்கிட்டு எந்தத் தோட்டம், என்ன விலைன்னு சொல்றதுக்கு என்ன கேடு?

கடைக்காரர் நம்ம நண்பருக்கு நண்பராம், "புதுக்கடை பாவம், பதிவை எடுத்துடு"ன்னு காலையில இருந்து இன்பாக்ஸ்ல வர்றாங்க. மாமாவோட மருமகப் பொண்ணு அந்த வீடியோவை நீக்கச் சொல்லி அங்க போட்ட கமெண்ட்டைக் கடைக்காரங்க அழிச்சிருக்காங்க. முதல்ல அவங்க வீடியோவை நீக்கட்டும்.