சி.ஐ.பி.சி. பதிவு நற்சான்று இல்லை

தென்னாப்பிரிக்காவில் ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியைப் பற்றி ஒரு தம்பி, “கம்பெனி சி.ஐ.பி.சி.யில் பதிவாகியிருக்கு, அதனால் இது அரசே ஒப்புக்கொண்ட தொழில், வேலையை விட்டுட்டு தைரியமா சேரலாம்” என்று எழுதியிருக்கிறார். அந்த “அதனால்” இருக்கிறதே, அதுதான் தப்பு. சி.ஐ.பி.சி. என்பது இங்கே நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம், அவ்வளவுதான். சமோசாக் கம்பெனி தொடங்கினாலும் அதே பதிவுதான். பதிவு நம்பர் கொடுத்ததாலேயே தொழில்முறைக்கு ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடாது.

பார்க்க வேண்டியது 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. வருமானம் முக்கியமாக ஆள் சேர்ப்பதிலிருந்து வந்தால் அது பிரமிட் திட்டம், சட்டவிரோதம். பொருள் விற்று வந்தால் நேரடி விற்பனை, அதில் குற்றமில்லை. எனவே, ஆளே சேர்க்காமல் வெளியாட்களுக்கு விற்று மட்டும் மாசம் எவ்வளவு ராண்ட் நிற்கும் என்று கேளுங்கள்.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சித்தி இதைக் கேட்கவில்லை. கம்பெனி கொடுத்த ‘ரேங்க்’ என்ற படிநிலை இறங்காமலிருக்க மாசக் கடைசியில் தானே காசு போட்டு வாங்கினார். அலமாரி மேல் இன்னும் க்ரீம் டப்பாக்கள். தீபாவளிக்குப் போகிறவர்கள் கையில் அதிரசத்தோடு ரெண்டு டப்பாவும் திணிக்கிறார்!

‘வேலைக்கு மாற்று’ என்பதும் அரைகுறை. இதில் சேருகிறவர் பொதுவாக ஊழியர் இல்லை. யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்கு முதலாளி போடும் 1 சதவீதம் கிடையாது, சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது. சார்ஸ் என்ற வரித்துறைக்குக் காட்டும் வரிக்கணக்கும் நம் தலையில். வீடு தேடிப்போய் விற்றால், வாங்கினவர் 5 வேலை நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துத் திருப்பலாம். அதுவரை அந்தக் காசைத் தொடாதீங்க.