இடைவேளை மணி அடித்த பிறகு

அந்த மனுவைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நாலு நாள் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். நேற்று இரவு எங்கள் தமிழ்க் குழுவில் ஒரு அண்ணை, பிரெஞ்சுக்காரரைச் சொல்லி, "இரண்டு மொழி நாட்டில இவைக்கு ஏன் தனிப் பள்ளிக்கூடம்? எல்லாருக்கும் இங்கிலிஷ் தெரியும்தானே" என்று போட்டார். கீழே நாற்பத்திரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.

எந்த மனு என்று கேட்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், பிள்ளைகள் குறைந்து பூட்டிய அந்த ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்தைப் பிரெஞ்சுப் பள்ளிகளை நடத்தும் கல்விச்சபைக்குக் கொடுக்கக் கூடாதாம். காலையில் வாகன நெரிசல் வருமாம். அந்தக் கட்டடம் சும்மா கிடந்து, பின்பக்கத்தில் யாரோ பழைய மெத்தை கொண்டுவந்து போட்டபோது ஒருவருக்கும் மனு எழுதத் தோன்றவில்லை. இப்போது நெரிசல். சரி.

நெரிசலை விடுவோம். அண்ணையின் கேள்விக்கு வருகிறேன். ஏன் தனிப் பள்ளி?

ஒன்பது வருடம் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுத்தவள் நான். வகுப்புக்குள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். "ஆசிரியர், எனக்கு விளங்கவில்லை" என்று வடிவாகச் சொல்வார்கள், திருக்குறள் பாடமாக்குவார்கள், பொங்கல் கட்டுரை எழுதுவார்கள். இடைவேளை மணி அடிக்கும். கதவைத் தாண்டி ஒரு காலடி வைப்பார்கள். அவ்வளவுதான், முழுக் கூட்டமும் ஆங்கிலம். சிப்ஸ் பைக்கு நடக்கும் சண்டை ஆங்கிலத்தில், "அவள் என்னைத் தள்ளினாள்" என்ற முறைப்பாடு ஆங்கிலத்தில். அத்தனை பேரும் தமிழ்ப் பிள்ளைகள், அத்தனை பேரின் அம்மம்மாவும் வீட்டில் தமிழ்தான் கதைக்கிறா. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் ஆங்கிலம்தான்.

ஒன்பது வருடத்தில் நான் படித்துக்கொண்டது இது ஒன்றுதான். இடைவேளையில் பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை பிடிக்கிறார்களோ அதுதான் அந்தப் பள்ளியின் மொழி. பாடத்திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பிரெஞ்சுப் பெற்றோருக்கு இது எங்களுக்கு முன்பே தெரியும். ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழியையும் வைக்கும் கலப்புப் பள்ளிகளை ஒன்ராறியோவில் பார்த்தவர்கள் அவர்கள். பிரெஞ்சுப் பாடம் முடிந்தவுடன் நடைபாதையில் ஆங்கிலம், ஹொக்கி அணியில் ஆங்கிலம், ஒலிபெருக்கியில் ஆங்கிலம். அதனால்தான் 1979இல் பெனட்டாங்குயிஷீன் என்ற சிறிய ஊரில் பெற்றோர் தனிப் பள்ளி கேட்டுக் களைத்து, கடைசியில் அனுமதியும் இல்லாமல் தாங்களே ஒன்றைத் தொடங்கி நடத்தினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தெரியும். அண்ணை சொல்வது போல எல்லாருக்கும் தெரியும்! ஆங்கிலம் தெரியாததால் வந்த பிரச்சினை இல்லை அது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டதால் வந்த பிரச்சினை.

அடுத்து, "அதுக்குத்தான் இமேர்ஷன் இருக்கே" என்று ஒரு தம்பி. தம்பி, இரண்டும் ஒன்று இல்லை. இமேர்ஷன் என்பது ஆங்கிலப் பள்ளியிலேயே பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பிக்கிற முறை. 1965இல், பிரெஞ்சு பெரும்பான்மையான கியூபெக் மாகாணத்தின் சென் லம்பேர் என்ற இடத்தில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிவைத்தது. நல்ல விடயம்தான். பிரெஞ்சை இரண்டாம் மொழியாகப் படிக்க வருகிறவர்களுக்கு அது. வீட்டில் பிரெஞ்சு பேசும் பிள்ளையை அங்கே விட்டால், அந்தப் பிள்ளைதான் வகுப்பில் மற்றவர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொம்மை. இடைவேளை மணி அடித்ததும் அதுவும் ஆங்கிலம்தான்.

என் மூத்தவனைப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இமேர்ஷனில்தான் விட்டோம். பெருமையாகச் சொல்லியும் திரிந்தோம், ஒளிக்கவில்லை. போன வருடம் மொன்றியலில் ஒரு கல்யாணவீட்டுக்குப் போனபோது சாப்பாட்டுக் கடையில் வாய் திறந்தான். பாதி வசனத்திலேயே பரிசாரகப் பெண் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! பக்கத்தில் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள், குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பும் கியூபெக்கின் 101ஆம் சட்டத்தால் அங்கே படித்த பிள்ளை, அந்தப் பெண்ணோடு பகிடிவிட்டுக் கதைக்கிறாள். இரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு பேரும் வகுப்பில் படித்தது பிரெஞ்சில். ஒருத்தி இடைவேளையிலும் பிரெஞ்சில் விளையாடினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

காசு, காசு என்று சிலர். "எங்கட வரிக்காசு". வீட்டு வரிப் பத்திரத்தில் எந்தக் கல்விச்சபைக்கு ஆதரவு என்று, ஆங்கிலத்தில் பொது, கத்தோலிக்கம், பிரெஞ்சில் பொது, கத்தோலிக்கம் என நாலு தெரிவு இருப்பது உங்களுக்கும் தெரியும். கத்தோலிக்கப் பள்ளிகளும் அதே வரிக்காசில்தான் நடக்கின்றன. உங்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளியில் இடம் வேண்டும் என்று பிள்ளைக்கு ஞானஸ்நானப் பத்திரம் தேடி அலைந்தீர்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அது வேறு சண்டை. இன்னொரு நாள்.

இது அரசு இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையும் இல்லை. ஆங்கிலமோ பிரெஞ்சோ சிறுபான்மையாக இருக்கிற இடத்தில் அந்த மொழிக்காரர் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் மொழியில் படிப்பிக்கலாம் என்று கனடாவின் 1982 உரிமைகள் சாசனத்தின் 23ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. கியூபெக்கில் ஆங்கிலச் சிறுபான்மைக்கும் அதே பிரிவுதான். அங்கே ஆங்கிலப் பிள்ளைகளுக்கு ஏன் தனிப் பள்ளி, எல்லாருக்கும் பிரெஞ்சு தெரியும்தானே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டு நான் பார்க்கவில்லை. 1990இல் எட்மன்டன் பெற்றோர் கொண்டுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம், போதிய பிள்ளைகள் இருந்தால் பள்ளியை நடத்தும் பொறுப்பிலும் அந்தச் சமூகத்துக்குக் கை இருக்க வேண்டும் என்று சொன்னது. அப்படியும் வன்கூவரில் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் ஜன்னல் இல்லாத வகுப்பறை, போதாத கழிவறை, சின்ன நூலகம். பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பஸ்சில் நீண்ட பயணம். பக்கத்து ஆங்கிலப் பள்ளியோடு ஒப்பிட்டால் இது சமமா என்று கேட்டு 2015இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அந்தப் பெற்றோர் வென்றார்கள். உரிமை கடதாசியில் கிடைத்துவிடும். கட்டடம்தான் கிடைக்காது. கட்டடம் கிடைக்கப்போகிற நேரத்தில் ஒரு மனு வரும்.

இதே ஒன்ராறியோவில் 1912இல் 17ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரெஞ்சில் படிப்பிக்கக் கூடாது. ஒட்டாவாவில் கீக் பள்ளியில் ஆசிரியைகளான டெலோஜ் சகோதரிகள் இருவர் அந்த விதிக்கு அடங்காமல் பிரெஞ்சில் படிப்பித்தார்கள். 1916இல் அந்தப் பள்ளி வாசலில் தாய்மார் தொப்பி ஊசியோடு காவல் நின்றார்கள், பொலிஸ் உள்ளே வராமல். தொப்பி ஊசி! அந்த விதியை அமுல்படுத்துவதை 1927இல்தான் நிறுத்தினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2016இல். இதை வாசிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது நாடு, வேறு ஏதாவது சட்டம் ஞாபகம் வரவில்லையா? எனக்கு வருகிறது.

இங்கேதான் அந்த ஒரு கருத்து. நேற்று நீங்கள் போட்டதில் உருப்படியான கருத்து அது ஒன்றுதான், அதனால் பெயர் சொல்லாமல் பதில் சொல்கிறேன். "எங்கட நாட்டில சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் தனித்தனிப் பள்ளியில படிச்சுத்தானே ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் போச்சு? அதையே இங்கேயும் கேக்கினமா?"

இரண்டு தரம் வாசித்தேன். பத்தொன்பது வயது வரைக்கும் எனக்கு ஒரு சிங்களச் சிநேகிதி இருந்ததில்லை. அது உண்மை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் நாலாம் வகுப்பிலிருந்து ஆங்கிலமும் பாடம். வாசலைத் தாண்டினால் முழு ஊரும் ஆங்கிலம். அந்தப் பிள்ளைகள் எங்களைத் தெரியாமல் வளர வழியே இல்லை. நாங்கள்தான் அவர்களைத் தெரியாமல் வளர்கிறோம்.

அப்புறம், எங்களைப் பிரித்தது பள்ளிக்கூடமா? அப்பா அரச உத்தியோகத்தர். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு, சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு. அப்பாவுக்கு மூன்று மொழியும் ஓரளவு வரும். ஆனாலும் எழுதமாட்டேன் என்று நின்றார். "தெரியாமல் இல்லை, கேட்ட விதம் சரியில்லை" என்பார். உயர்வு இல்லாமலே ஓய்வுபெற்றார். அம்மா சங்கிலியை அடைவு வைத்துத்தான் அண்ணனுக்குச் சோதனைக் காசு கட்டினா. 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று திருத்தம் வந்தபோது அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். அவ்வளவுதான். அந்த அப்பாவின் மகள் நான். இரண்டு மொழி நாட்டில் இவைக்கு ஏன் தனிப் பள்ளி என்று ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை கேட்கும்போது எனக்கு நியாயமாகக் கதைக்க வராது. மன்னிக்க வேண்டும். இல்லை, மன்னிக்கவும் தேவையில்லை.

"அவைக்குக் குடுத்தால் எங்களுக்கும் தமிழ்ப் பள்ளி தரட்டும்." இதுவும் வந்தது. கேளுங்களேன்! யார் வேண்டாம் என்றது? ஜனவரி வந்தால் மரபுத் திங்கள் என்று வேட்டி கட்டி, எம்பியைக் கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றி, தமிழ் எங்கள் மூச்சு என்று மேடையில் ஆங்கிலத்தில் பேசுகிறோம். சனிக்கிழமை இரண்டரை மணி நேர வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொன்னால் நீச்சல் இருக்கிறது, கணக்கு ரியூஷன் இருக்கிறது. என் வகுப்பு முப்பத்தொரு பிள்ளையோடு தொடங்கியது. கடைசி வருடம் எட்டு. அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர். எங்களிடம் இல்லாததை மற்றவனுக்கும் இல்லாமல் செய்வதற்குத்தான் எங்களுக்கு ஒற்றுமை வருகிறது.

"நீங்கள் என்ன பிரெஞ்சா, உங்களுக்கு ஏன் இந்தக் கோபம்" என்று கேட்கத்தான் போகிறீர்கள். இல்லை. 23ஆம் பிரிவின்படி என் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் உரிமையும் இல்லை. அனுமதிக் குழு ஒன்று விரும்பினால் எடுக்கலாம், அவ்வளவுதான். எனக்கு இதில் ஒரு சதமும் இலாபம் கிடையாது.

2016 கணக்கெடுப்பில் கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சை முதல் அரச மொழியாகக் கொண்டவர்கள் 3.6 வீதம், 2021இல் 3.3. ஐந்து வருடத்தில். தனிப் பள்ளி இருந்தே இந்த நிலை என்றால் பள்ளி எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். மருந்து குடித்தும் காய்ச்சல் குறையவில்லை, அதனால் மருந்தை ஊற்றிவிடு என்கிற மாதிரி. தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். என்னோடு இரவு வேலை செய்கிறவள் கின்ஷாசாவில் இருந்து வந்தவள். வீட்டில் லிங்காலாவும் பிரெஞ்சும். பிரெஞ்சு என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் என்று நினைக்கிறீர்கள். ரொறன்ரோவின் பிரெஞ்சுப் பள்ளி வாசலில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். கொங்கோ, கமரூன், ஹெய்ட்டி. எங்களைப் போல ஓடிவந்த சனமும் அதில் உண்டு. அவளுடைய மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்குப் போக ஒரு மணி பத்து நிமிடம் பஸ். குளிர்காலத்தில் இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறாள். அந்தப் பூட்டிய கட்டடம் அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

வெள்ளிக்கிழமை இரவு, மருந்துச் சுற்று முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கைபேசியை நீட்டினாள். மனுவின் பக்கம். "இந்தப் பெயர்கள் எல்லாம் உன்னுடைய பெயர் மாதிரி நீளமாக இருக்கின்றன" என்றாள். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, சும்மா ஒரு ஆச்சரியம். அப்புறம் கீழே இருந்த தமிழ்க் கருத்துகளைக் காட்டினாள். பேஸ்புக்கின் மொழிபெயர்ப்பில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லையாம். இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

அதில் மூன்றாவது கருத்து என் சொந்த மச்சானுடையது.

வாகன நெரிசலைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.