ஹோ-சாங் கையெழுத்திட்டது லீஃப்ஸுடன் அல்ல

"2021-ல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஜாஷ் ஹோ-சாங்கை ஒப்பந்தம் செய்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஹோ-சாங் ஒரு கனடிய ஐஸ் ஹாக்கி வீரர்; லீஃப்ஸ், வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் அணி. லீஃப்ஸ் தந்தது பயிற்சி முகாமில் ஆடிக் காட்ட ஒரு வாய்ப்பு மட்டும்தான். அப்புறம் அவர் கையெழுத்திட்டது அவர்களுடைய ஏ.எச்.எல். (என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்) அணியான மார்லீஸுடன். அந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட இறங்க முடியாது. அதற்குத் தனியாக என்.எச்.எல். ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு என்.எச்.எல். அணி 50 வீரர் ஒப்பந்தங்கள் வரைதான் வைத்திருக்கலாம்; லீஃப்ஸின் அந்த வரம்பிலும் இது சேராது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள்: என்.எச்.எல். தன் வீரர்களை அனுப்பவில்லை, ஆனால் என்.எச்.எல். ஒப்பந்தம் இல்லாததால் இவர் கனடாவுக்காக ஆட முடிந்தது. 2014-ல், என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே, 28-வது ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி எடுத்த பையன். அங்கே 53 ஆட்டங்களோடு நின்றுபோனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.